தருமபுரியில் ரீஃப் தொட்டி: அடுத்து எதை வாங்குவது?

கேள்வி: தருமபுரியில் வீட்டில் 3 அடி ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்து ஆறு மாதம் ஆகிறது. போர்வெல் தண்ணீரைச் சமையலறை ஆர்.ஓ.வில் பிடித்து உப்பு கலக்கிறேன். குறைகிற தண்ணீருக்கும் அதையேதான் ஊற்றுகிறேன். மணலிலும் பாறையிலும் பழுப்புப் படலம் போகவே இல்லை. ஏப்ரலில் தண்ணீர் 31 டிகிரியைத் தொட்டது. இரண்டு கிளௌன் மீன், பவளங்களில் கொஞ்சம் ஜோவா, ஒரு லெதர் கோரல் இருக்கின்றன. லெதர் அடிக்கடி சுருங்கிவிடுகிறது. அடுத்து நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கலாமா, நல்ல விளக்கா, கழிவை நுரையாகப் பிரிக்கும் பெரிய ஸ்கிம்மரா?

பதில்:

மூன்றையும் தள்ளிப் போடுங்கள். முதலில் ஆர்.ஓ.வைத் தாண்டி வரும் உப்புகளையும் பிடிக்கும் டி.ஐ. கேனிஸ்டர் ஒன்று, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் இரண்டு, அதற்கடுத்து ஆவியாகிற நீரைத் தானாக ஈடுகட்டும் ஆட்டோ டாப்-ஆஃப் ஒன்று. பழுப்பு, சூடு, சுருங்கும் லெதர் என்று மூன்று தொல்லை சொல்லியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன: தொட்டியிலிருந்து எவ்வளவு ஆவியாகிறது, அந்தக் குறையை எதைக் கொண்டு நிரப்புகிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் 3 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி என்றால் 191 லிட்டர். பாறை கொஞ்சம் இடம் பிடிக்கும், கீழே உள்ள துணைத் தொட்டியான சம்ப் கொஞ்சம் கூட்டும். 200 என்றே வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் போவது சாதாரணம். போவது வெறும் தண்ணீர்தான். அதில் கரைந்திருந்த சிலிக்கா, நைட்ரேட், சுண்ணாம்பு எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் நைட்ரேட்டின் வரம்பு 45 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 45 மில்லிகிராம். அந்த வரம்பில் இருக்கிற, அதாவது மனிதர் குடிக்கலாம் என்று ஒப்புக்கொண்ட தண்ணீரைத் தினம் 4 லிட்டர் ஊற்றினால் மாதத்துக்கு 5.4 கிராம் நைட்ரேட் உள்ளே போகிறது. 200 லிட்டரில் அது 27 பிபிஎம். மீனுக்கு ஒரு பருக்கை தீனி போடுவதற்கு முன்பே இவ்வளவு!

‘நான் ஆர்.ஓ. நீர்தானே ஊற்றுகிறேன்’ என்பீர்கள். வீட்டு ஆர்.ஓ. குடிப்பதற்காகச் செய்தது. நீர் சப்பென்று இருக்கக்கூடாது என்று டிடிஎஸ் கண்ட்ரோலர் என்ற சிறு வால்வு வழியாக வடிகட்டாத நீரையும் கொஞ்சம் கலந்து விடுவார்கள். சிலவற்றில் மினரல் கார்ட்ரிட்ஜ் வேறு இருக்கும். கரைந்த பொருள்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை அந்தக் குழாயில் வைத்துப் பாருங்கள். 90 காட்டினால் மாதம் கிட்டத்தட்ட 11 கிராம் வேண்டாத சரக்கு தொட்டியில் சேர்கிறது என்று பொருள். இது கருங்கல் பூமி. நிலத்தடி நீரில் சிலிக்கா கரைந்து வருவது இயல்பு. பழுப்புப் படலமாகப் படியும் டயாட்டம் என்ற நுண்பாசி தன் ஓட்டைக் கட்டுவதே சிலிக்காவைக் கொண்டுதான். புதுத் தொட்டியில் இரண்டாவது வாரம் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் அது தானாக அடங்க வேண்டும். ஆறு மாதமாகியும் அடங்கவில்லை என்றால் அதற்குத் தீனி தினம் வந்துகொண்டிருக்கிறது.

ஃப்ளோரைடு பற்றி இங்கே எல்லோருக்கும் பயம் உண்டு; தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பற்களில் கறை படிந்த ஒரு தலைமுறையே இருப்பதால் அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் தொட்டியைப் பொறுத்தவரை அதை மறந்துவிடலாம். இயற்கைக் கடல்நீரிலேயே 1.3 பிபிஎம் ஃப்ளோரைடு இருக்கிறது. பவளத்துக்கு அது புதிதல்ல.

ஆக, செய்ய வேண்டியது இது. ஆர்.ஓ.வில் அந்தக் கலப்பு வால்வை முழுக்க மூடுங்கள், அல்லது வடிகட்டும் சவ்வான மெம்பிரேனிலிருந்து வரும் குழாயில் ‘T’ வடிவ இணைப்பு போட்டு மினரல் கார்ட்ரிட்ஜுக்கு முன்பே தண்ணீரைப் பிரித்தெடுங்கள். நல்ல மெம்பிரேன் 95 முதல் 98 விழுக்காடு வரை தடுக்கும். போர்வெல் 1500 டிடிஎஸ் என்றால் அப்போதும் 30 முதல் 75 வரை மிஞ்சும். அதைப் பிடித்துக்கொள்ளத்தான் டி.ஐ. ரெசின். நிறம் மாறும் ரெசின் நிரம்பிய 10 அங்குல கேனிஸ்டர் ஒன்று போதும். வெளியே வரும் நீர் 0 காட்ட வேண்டும். 1 அல்லது 2 காட்டத் தொடங்கியதும் ரெசினை மாற்றுங்கள். தீர்ந்துபோன ரெசின் சும்மா இருக்காது, பிடித்து வைத்த சிலிக்காவை முதலில் திருப்பிக் கக்கும்.

இங்கே பலரும் ‘ரெசின் பதினைந்து நாளில் போய்விடுகிறது’ என்று அலுத்துக்கொள்வார்கள். காரணம் பெரும்பாலும் கரியமில வாயு. கடினமான போர்வெல் நீரில் பைகார்பனேட்டோடு கரைந்த கரியமில வாயுவும் இருக்கும். வாயு என்பதால் மெம்பிரேன் அதைத் தடுக்காது, டிடிஎஸ் மீட்டருக்கும் அது சரியாகத் தெரியாது, ரெசினின் பாதியை அதுவே தின்றுவிடும். ஆர்.ஓ. நீரை முதல் டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் குமிழி விடுங்கள். பிறகு ஒரு சின்ன பம்ப் வைத்து டி.ஐ. வழியாக இரண்டாவது டிரம்முக்கு அனுப்புங்கள். ரெசின் நின்று உழைக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறதென்றால் போர்வெல்லை விட்டுவிட்டு அதையே ஆர்.ஓ.வுக்குக் கொடுங்கள். காவிரி நீரில் கரைந்த உப்புகள் குறைவு. குளோரின் மட்டும் இருக்கும், அது மெம்பிரேனைக் கெடுக்கும் என்பதால் கார்பன் ஃபில்டரை நேரத்துக்கு மாற்ற வேண்டும். பிடித்த நீரைச் செப்புக் குடத்திலோ பித்தளைக் குழாய் வைத்த டிரம்மிலோ வைக்காதீர்கள். செம்பு நமக்கு மருந்து, இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம்.

கல்லுப்பு பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் யாராவது சொல்லியே தீருவார்கள். தூத்துக்குடி உப்பளத்தில் கடல்நீரைக் காய்ச்சி எடுப்பதுதானே, திரும்பக் கரைத்தால் கடல்நீர்தானே என்று. ஆகாது. பாத்தியில் உப்பு படிவதற்கு முன்பே கால்சியம் ஜிப்சமாகப் பிரிந்துவிடும். மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் வடித்துவிடும் கசப்பு நீரோடு போய்விடும். கையில் கிடைப்பது சோடியம் குளோரைடு மட்டும். ரீஃபுக்கென்று விற்கும் கலவை உப்புதான் வேண்டும்: லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வரை, பிராண்டைப் பொறுத்து. 20 லிட்டருக்கு முக்கால் கிலோ. தண்ணீரில் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கெட்டியான கரைசலில் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்து வீணாகும். பவர்ஹெட் என்ற சிறு பம்ப் வைத்து ஒரு நாள் கலக்கிய பின் பயன்படுத்தலாம்.

அடுத்தது உப்புத்தன்மையை அளப்பது. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் வைத்திருந்தால் அதைப் பரணில் போடுங்கள். முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலே அளவு ஏறிவிடும். ஒளிவிலகலைக் கொண்டு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், அதையும் வெறும் ஆர்.ஓ. நீரில் பூஜ்யம் பார்த்துவிட்டு நம்பாதீர்கள். பூஜ்யத்தில் சரியாகவும் 35-இல் (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) தவறாகவும் காட்டுகிற கருவிகள் நிறைய. 35 அளவுக்கான கரைசலை வீட்டிலேயே செய்யலாம்: ஈரமில்லாத தூள் உப்பு 36.5 கிராம், டி.ஐ. நீர் 963.5 கிராம், இரண்டும் தராசில் நிறுத்து. இந்த உப்புக் கரைசலின் ஒளிவிலகல் 35 உப்புத்தன்மையுள்ள கடல்நீருக்குச் சமம். அதில் ஒரு சொட்டைக் கருவியில் விட்டுத் திருகாணியால் அளவை 35-க்குக் கொண்டுவாருங்கள்.

டெஸ்ட் கிட்டில் காரத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட் மூன்றும் கட்டாயம். கால்சியமும் மக்னீசியமும் மாதம் ஒருமுறை போதும். வைத்திருக்க வேண்டிய அளவுகள்: உப்புத்தன்மை 35, வெப்பம் 25 முதல் 27 டிகிரி, காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு), கால்சியம் 420, மக்னீசியம் 1300 முதல் 1350, நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1; கடைசி நான்கும் பிபிஎம் கணக்கில். பாஸ்பேட்டை நிறம் பார்த்துச் சொல்லும் கிட் இவ்வளவு குறைந்த அளவில் உதவாது. கையடக்க டிஜிட்டல் செக்கர் நல்லது. அது பாஸ்பரஸை பிபிபி-யில் (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும் வகையென்றால் வந்த எண்ணை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். இதைச் செய்யாமல் ‘எனக்குப் பாஸ்பேட் 20’ என்று பதறுகிறவர்கள் உண்டு. அந்த 20 என்பது 0.06-தான், அருமையான அளவு. எண்களை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். தனி ஒரு எண் அதிகம் சொல்லாது, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் சொல்லும்.

இப்போது சூடு. சில்லர் வேண்டாம் என்றதற்குக் காரணம் நம் ஊர்க் காற்று. சென்னையில் விசிறி வைத்துப் பெரிதாகக் குளிராது, காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. தருமபுரியில் ஏப்ரல் மதியக் காற்று வறண்டது. அந்த வறட்சியே உங்களுக்கு இலவச சில்லர். 12 செ.மீ. கம்ப்யூட்டர் விசிறி இரண்டை நீர்ப்பரப்பை உரசினாற்போல் சாய்த்து வைத்தால் 2 முதல் 4 டிகிரி இறங்கும். ஒரு லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 2400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நாளுக்கு 5 லிட்டர் ஆவியானால் 140 வாட் வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்றுவதற்குச் சமம். விசிறியை 26.5 டிகிரியில் ஓடி 26-இல் நிற்கும்படி ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியில் மாட்டுங்கள். கண்ணாடி மூடி இருந்தால் எடுத்துவிட்டு வலை போடுங்கள். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கவலை எதிர்ப்புறம்: மார்கழி, தை இரவுகளில் 150 முதல் 200 வாட் ஹீட்டர் இல்லாமல் முடியாது. ஹீட்டரையும் அதே கருவியில் மாட்டுவது நல்லது. ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் தொட்டி விடிவதற்குள் ரசமாகிவிடும்.

விசிறிக்கு விலை தண்ணீரில் கொடுக்க வேண்டும். 200 லிட்டரில் 5 லிட்டர் குறைந்தால் 35 என்பது ஒரே நாளில் 35.9 ஆகும். நீங்கள் இரண்டு நாளுக்கொருமுறை ஒரு குடம் ஊற்றினால் 37-க்கு ஏறி மறுபடி 35-க்கு விழும். லெதர் சுருங்குவதற்கு இது ஒன்றே போதும். அதனால்தான் ஆட்டோ டாப்-ஆஃப். சென்சர் சம்ப்பில் ரிட்டர்ன் பம்ப் அறையில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஆவியாதலால் நீர்மட்டம் இறங்குவது அங்கேதான். சென்சர் கெட்டு பம்ப் நிற்காமல் ஓடும் நாள் ஒன்று வரும் என்று வைத்தே திட்டமிடுங்கள். 25 லிட்டர் டிரம் முழுதும் இறங்கினால் உப்புத்தன்மை 31-க்குப் போகும், பவளம் தாங்குவது கடினம். 12 லிட்டர் என்றால் 33; தப்பிக்கும். ஆகவே டிரம் சிறிதாக இருக்கட்டும், இரண்டு நாளுக்கொருமுறை நிரப்பும் சிரமம் பரவாயில்லை. டாப்-ஆஃபுக்கு உப்பு கலக்காத நீர் மட்டுமே. இதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். மாற்றி ஊற்றியவர்கள் இருக்கிறார்கள்.

மின்வெட்டுக்கு முதலில் காப்பாற்ற வேண்டியது நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரை. ஃபில்டரோ விளக்கோ ஒரு நாள் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. நீர்ப்பரப்பு அசையாவிட்டால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீரும், சூடான நீரில் இன்னும் சீக்கிரம். 10 வாட் டி.சி. வேவ்மேக்கர் வீட்டு இன்வெர்ட்டருக்குச் சுமையே அல்ல. பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்ப்கள் உறுமிச் சூடேறும், டி.சி. பம்ப்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஹீட்டரை இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள். மின்சாரம் போனதும் தொட்டி நீர் ரிட்டர்ன் குழாய் வழியே சம்ப்புக்குத் திரும்ப இறங்கும். உங்கள் தொட்டியில் ஒரு அங்குலம் இறங்கினால் 10.6 லிட்டர். ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 4 மி.மீ. துளை ஒன்று போட்டால் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அந்தத் துளையில் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் குத்திவிடுங்கள். பிளக் பாயிண்ட் தொட்டியை விட உயரத்தில் இருக்கட்டும், ஒயர்கள் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறட்டும், மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்கட்டும். உப்பு நீரும் மின்சாரமும் விளையாட்டில்லை.

தண்ணீரை மாற்றிய நான்கு முதல் ஆறு வாரத்தில் படலம் குறைய வேண்டும். குறையவில்லையென்றால் அது டயாட்டமே அல்ல, டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட்) என்ற வேறு நுண்ணுயிராக இருக்கலாம். டைனோ சளி மாதிரி நூலாகத் தொங்கும், நூலின் நுனியில் காற்றுக்குமிழி இருக்கும், காலையில் குறைந்து மதியம் திரும்ப வரும். சந்தேகம் தீர ஒரு சோதனை: கொஞ்சம் படலத்தைத் தொட்டி நீரோடு பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ தாளில் வடிகட்டி, வடிந்த நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி நூல் நூலாகத் திரண்டால் டைனோ. அது வருவது பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமான தொட்டியில். அங்கே தண்ணீர் மாற்றுவதும் பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு போடுவதும் எரிகிற தீயில் எண்ணெய். தீனியைக் கூட்டி நைட்ரேட்டை 5-க்கும் பாஸ்பேட்டை 0.05-க்கும் மேலே ஏற்றுங்கள். சிவப்பாகவோ கரும்பச்சையாகவோ தோல் உரிவதுபோல் உரிந்து நாற்றமடித்தால் சயனோ என்ற பாக்டீரியா. நீரோட்டம் போகாத மூலையில் கழிவு தங்குகிறது, வேவ்மேக்கரைத் திருப்பி வையுங்கள்.

லெதர் சுருங்குவதில் பாதி இயல்பே. சில வாரங்களுக்கு ஒருமுறை அது கைகளை உள்ளிழுத்து, மேலே மெழுகு பூசினாற்போல் பளபளத்து, நாலைந்து நாள் கழித்து அந்தத் தோலை உரித்துவிட்டு விரியும். நீரோட்டம் போதவில்லையென்றால் உரிந்த தோல் ஒட்டிக்கொண்டு கீழே அழுகும். நேராக அடிக்காமல் விட்டுவிட்டு வருடும் ஓட்டம் வேண்டும். பத்து நாளுக்கு மேல் விரியாமல், ஓரம் கறுத்தால் மட்டும் கவலைப்படுங்கள். லெதர் தன் பக்கத்துப் பவளங்களை அடக்க ரசாயனம் விடும் என்பதால் துணிப்பையில் நான்கு மேசைக்கரண்டி ஆக்டிவேட்டட் கார்பனை சம்ப்பில் போட்டு மூன்று வாரத்துக்கொருமுறை மாற்றுங்கள்.

இருக்கிற விளக்கு போதுமா என்று கேட்டால், ஜோவா, மஷ்ரூம், லெதர் மூன்றும் 50 முதல் 150 பார் (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) வெளிச்சத்தில் நன்றாக வாழும், அதைச் சுமாரான நீல-வெள்ளை எல்.இ.டி.யே கொடுக்கும். நாளுக்கு 8 மணி நேரம். பின்னால் விளக்கை மாற்றினால் 30 விழுக்காட்டில் தொடங்கி வாரத்துக்கு 5 விழுக்காடு ஏற்றுங்கள். ஒரே நாளில் ஏற்றினால் பவளம் வெளுக்கும். ஸ்கிம்மர் மீன் எண்ணிக்கை கூடும்போது பார்த்துக்கொள்ளலாம். இரண்டு கிளௌனுக்கு வாரம் 20 லிட்டர் மாற்றுவதே போதும். எதை மாற்றினாலும் ஒன்றை மாற்றி இரண்டு வாரம் பொறுத்து அடுத்தது. ஒரே வாரத்தில் விளக்கு, உப்பு பிராண்ட், ஸ்கிம்மர் மூன்றையும் மாற்றிவிட்டு ‘எது கெடுத்தது’ என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

காரத்தன்மைக்கு ஒரு கணக்கு. 10 விழுக்காடு நீர் மாற்றம் இருக்கிற குறையில் 10 விழுக்காட்டை மட்டுமே தீர்க்கும். வாரம் 0.1 டிகேஎச் குறைகிற தொட்டி, மாற்றிக்கொண்டே இருந்தால் 1 டிகேஎச் குறைவில் நிலைக்கும், அது சரி. வாரம் 0.5 குறைந்தால் 5 டிகேஎச் பள்ளத்தை நோக்கி நகரும். அப்போது கையால் சேர்க்க வேண்டும். 200 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 6 கிராம் சமையல் சோடா, டி.ஐ. நீரில் கரைத்து, ஓட்டம் உள்ள இடத்தில் மெதுவாக. பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போட்டுவிடாதீர்கள். கால்சியமும் சேர்ந்து குறைந்தால் சுண்ணாம்பு நீர் நல்ல வழி. வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது. உணவுத்தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்குங்கள். லிட்டருக்கு 2 கிராம், கலக்கி மூடி வைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் தெளிவு 200 லிட்டரில் சுமார் 0.56 டிகேஎச், கால்சியம் 4 பிபிஎம் ஏற்றும். அதன் பிஎச் 12-க்கு மேல், மளமளவென்று ஊற்றினால் எல்லாம் வெந்துவிடும். மருந்துக்கடையில் விற்கும் டிரிப் செட்டை மாட்டி நிமிடத்துக்கு 33 சொட்டு விட்டால் ஒரு லிட்டர் இறங்க 10 மணி நேரம் ஆகும். இரவில் விடுங்கள், அப்போதுதான் தொட்டியின் பிஎச் தாழ்ந்திருக்கும்.

அடுத்த பவளம், மீன் வாங்குவதற்கு முன் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். கடினப் பவளங்கள், கடல் விசிறி, கறுப்புப் பவளம் ஆகியவை 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ‘லைவ் ராக்’ என்று யாராவது பேருந்தில் அனுப்புகிறேன் என்றால் அது பெரும்பாலும் செத்த பவளம்தான், வாங்குகிறவரும் குற்றவாளி. செராமிக் பாறை போதும். வெளிநாட்டுப் பவளம் சைட்டிஸ் என்ற அரிய உயிரின வணிக உடன்படிக்கையின் பட்டியலில் இருந்தால் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு வேண்டும். பில்லும் இறக்குமதித் தாளும் இல்லாமல் தொடாதீர்கள். மீனில் பண்ணையில் பொரித்ததைக் கேளுங்கள். கிளௌன் மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே உருவாக்கிப் பரப்பியிருக்கிறது, ஆகவே உள்நாட்டுக் குஞ்சு கிடைப்பது அரிதல்ல. உங்கள் தொட்டிக்கு இன்னும் இரண்டு சிறிய மீன், ஒரு கோபியும் ஒரு ராயல் கிராமாவும், அதோடு நிறுத்துங்கள். டேங் வகை மீன்களுக்கு 3 அடி போதாது. மாண்டரின் மீன் பசியால் சாகும்.

சென்னை கொளத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பையில் வரும் மீனை இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது பழைய பாடம். நீண்ட பயணத்தில் பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பிஎச் தாழ்ந்திருக்கும், அதனால் உள்ளே சேர்ந்த அம்மோனியா விஷமில்லாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அதே அம்மோனியா விஷமாகும். எனவே பையைத் திறக்காமல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். கடைக்காரரிடம் அவர் தொட்டியின் உப்புத்தன்மையை முன்பே கேட்டு, தனிமைத் தொட்டியை அந்த அளவில் தயார் செய்து, திறந்தவுடன் மீனை மட்டும் மாற்றுங்கள். பல கடைகள் உப்பு மிச்சம் பிடிக்க 26 அளவில் வைத்திருக்கும். அங்கிருந்து நாளுக்கு 1 அல்லது 2 என்று 35-க்கு ஏற்றுங்கள். 40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒரு மாதத் தனிமைக்குப் போதும். வெண்புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால் அங்கே செம்பு மருந்து ஊற்ற முடியாது; எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விடுவதுதான் வழி.

ஜோவாவை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. வேண்டாத ஜோவா ஒட்டிய பாறையை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைக்கவே கூடாது, அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உலகெங்கும் உண்டு.

கொசு மருந்து அடுத்த எதிரி. பைரித்ராய்டு மீனை விட இறாலை வேகமாகக் கொல்லும். அந்த அறையில் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம், தெருவில் புகை அடிக்கும் வண்டி வந்தால் ஜன்னலை மூடி ஏர் பம்ப்பையும் ஸ்கிம்மரையும் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். மாந்தோப்பு ஒட்டிய வீடென்றால் பூ எடுக்கும் பருவத்தில் மருந்து அடிக்கிற நாள்களிலும் இதே எச்சரிக்கை.

பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போனால் மீனுக்குத் தீனி போட ஆளே வேண்டாம், வளர்ந்த கிளௌன் தாங்கும். ஒரு வாரம் என்றால் பக்கத்து வீட்டாரிடம் டப்பாவைக் கொடுக்காமல், ஒருநாள் விட்டு ஒருநாளுக்கான அளவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். மீதி டப்பாவைப் பூட்டி வையுங்கள். பாவம் பசிக்குமே என்று அவர்கள் போடுகிற ஒரு கைப்பிடி, போர்வெல் நீரை விட வேகமாக வேலை செய்யும்.